மாலை விழுந்த கழுத்து

எழுபதுகளில் நாங்கள், கம்பம் என்று நாங்கள் சொல்லும் சிற்றூர்களில் ஒன்றான கம்போங் மேடானில், ஒரு பலகை வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மழை பிடித்தால் சாக்கடைத் தண்ணீர் அடுப்படிவரை வந்து சோற்றுப் பானையை மிதக்கவிடும். அரசாங்க ஆபீசுக்கு மனு கொடுத்துக் கொடுத்து ஆண்கள் ஓய்ந்துபோன பிறகு, என் சித்திதான் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஞாயிறுதோறும் கால்வாய் வெட்ட இறங்கினார். பாதி தூரம் வெட்டியாகிவிட்டது. மீதி, செங்கல் லோரி வைத்திருந்த ஒருவரின் வேலியைத் தாண்டிப் போகவேண்டும். அவர் விடவில்லை.

கம்பத்துத் தலைவர் கேட்டால் அவரால் மறுக்க முடியாது என்று பேசி, சித்தியையே தலைவராக்குவது என்று முடிவானது. ஆண்களும் தலையாட்டினார்கள். எங்களிடம் ஓட்டுப்பெட்டி கிடையாது. கோயில் கொட்டகையில் யார் கழுத்தில் மாலை விழுகிறதோ அவர்தான் தலைவர். விழுந்த மாலையைக் கழற்றச் சொல்வது அபசகுனம்.

நன்றாகப் படிக்கிற பையன் என்று மாலையை என் கையில் கொடுத்தார்கள். “சித்தி குனிவா, பட்டுனு போட்டுடு. நடுங்காத லா,” என்றார் அம்மா.

சித்தி கால்வாயிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால்வரை சேறு. முன்வரிசை நாற்காலியில் லோரிக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். என் பின்னால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிரித்தார்கள். “டேய், உங்க சித்தி எருமையாட்டம் சேத்துல ஊறிட்டு வந்திருக்குடா!”

கூட்டத்தில் தடுமாறி ஆள் மாற்றிப் போட்டுவிட்டதாகத்தான் இத்தனை வருடமும் சொல்லிவந்தேன். அப்படியில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து நின்ற சித்தியைத் தாண்டிப் போய், லோரிக்காரரின் கழுத்தில் போட்டேன்.

லோரிக்காரரே திடுக்கிட்டு மாலையைத் தொட்டுப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சித்தி நிமிர மறந்தவர்போல் குனிந்தபடியே நின்றார். யாரோ கைதட்ட, ஆண்கள் எல்லோரும் தட்டினார்கள்.

புதுத் தலைவர் எழுந்தார். “ஆம்பளைங்க நாங்க இருக்கோம் லா. பொம்பளைங்க இனிமே வெட்ட வேணாம், ரெஸ்ட் எடுங்க. ஆபீசுல நான் பேசிக்கிறேன்.”

அடுத்த ஞாயிறு சித்தி மட்டும் மண்வெட்டியோடு போனார். வேலியோரம் நின்று, வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் ஓய்வு கிடைத்தது சித்திக்குப் புரியவில்லை போலும் என்று நினைத்து, நான் ஓடிப்போய்ச் சந்தோஷமாகச் சொன்னேன்.

“சித்தி, வேலை முடிஞ்சிருச்சு. வீட்டுக்கு வாங்க.”