சகலையிடம் போன ஸ்பூல்

என் சகலையை நான் பழிவாங்கியது அவருடைய பேத்தியின் காதுகுத்து மேடையில். அதற்காக யாரும் என்னை மன்னிக்க வேண்டியதில்லை, நானும் கேட்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு சொத்து யாரிடமிருந்து யாருக்கு எப்படிப் போனது என்பதை முறைப்படி சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இங்கே சொத்து என்பது ஒரு ஸ்பூல் டேப். கேசட்டுக்கு முந்திய காலத்தில், பெரிய சக்கரத்தில் சுற்றி வைத்த ஒலிநாடா.

என்னோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றதும் கோயில் கோயிலாகப் போனார்கள். நான் சென்னையில் மூடிக் கிடந்த ரெக்கார்டிங் தியேட்டர்களின் வாசலுக்குப் போனேன். அந்தக் காலத்துத் தொலைக்காட்சி மர்மத் தொடர்களின் இசை எனக்கு வேண்டும். பாட்டு வேண்டாம், வசனம் வேண்டாம். கொலைகாரன் கதவைத் திறக்கும்போது வந்த சத்தம் போதும். இப்படி ஒரு ஆசை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் என்னைத் தவிரவும் சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலோரிடம் இருப்பது வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த கேசட். அதில் இசையோடு சேர்ந்து குக்கர் விசிலும், பால் பொங்கிவிட்டது என்று யாரோ கத்துவதும் இருக்கும். அசல் என்பது வேறு. இசைக் கலைஞர்கள் வாசித்த அன்று தியேட்டரில் ஓடிய அதே டேப். அதில் குக்கரும் பாலும் இருக்காது.

ஒரு தொடர் இருந்தது. வியாழக்கிழமை இரவில் வரும். எங்கள் உத்திரமேரூரில் டிவி வைத்திருந்த வீடுகளின் கூடங்கள் அன்றைக்கு நிரம்பி வழியும். அதன் தொடக்க இசையில் ஒரு வயலின் கிணற்றில் இறங்குவதுபோல் படிப்படியாகக் கீழே போகும். மிருதங்கம் மூன்று தட்டு. பிறகு ஒரு மணி அடித்து, அந்த ஓசை கரைந்து கரைந்து போகும். அந்த மணிக்குப் பயந்து கொல்லைப்புறம் போகாமல் விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருந்த பெரிய மனிதர்களின் பெயர்களை நான் சொல்ல முடியும். சொல்ல மாட்டேன்.

அந்த இசையின் அசல் ஸ்பூல் எனக்குச் சாலிகிராமத்தில் ஒரு வீட்டில் கிடைத்தது. ஒலிப்பதிவாளராக இருந்தவர் இறந்துபோயிருந்தார். அவருடைய மனைவி, டேப் இருந்த தகர டப்பாக்களை அடுக்கி, மேலே தண்ணீர்க் குடத்தை வைத்திருந்தார். நான் குடத்துக்கு வேறு ஒரு முக்காலி வாங்கிக் கொடுத்து டப்பாக்களை வாங்கிவந்தேன். என்னிடம் இருந்த பழைய ஸ்பூல் மிஷினில் போட்டு அந்த மணியைக் கேட்டேன். மறுவாரமே மிஷினின் மோட்டார் போய்விட்டது.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் இங்கேயே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார். அவருடைய அப்பா நடத்தியது. இப்போது கல்யாணத்துக்கு மைக் செட்டு கட்டுவதோடு, இணையத்தில் சேனல் ஒன்றும் நடத்துகிறார். அவரிடம் அவர் அப்பா காலத்து ஸ்பூல் மிஷின் ஒன்று ஓடும் நிலையில் இருந்தது. "குடுங்க சகல, கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்துடறேன்" என்றார். கொடுத்தேன். ஊராருக்கெல்லாம் சாட்சி இரண்டு பேர் இல்லாமல் ஒரு கையெழுத்துக்கூட வாங்காதவன், சொந்தச் சொத்தை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது மிஷின் ரிப்பேர் என்றார். அடுத்த முறை, தேடுகிறேன் என்றார். அதற்கடுத்த முறை அவர் கேட்டது இது: "எந்த டேப்பு சகல?"

பிறகு அவருடைய சேனலில் ஒரு வீடியோ வந்தது. என் ஸ்பூலைக் கையில் பிடித்துக்கொண்டு, அது தன்னுடைய அப்பா சென்னைக்குப் போய்த் தன் கையால் பதிவு செய்தது என்றும், தான் குழந்தையாக இருந்தபோது அதைக் கேட்டுத்தான் தூங்கியதாகவும் சொன்னார்.

எனக்குத் தெரிந்த நடைமுறைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வக்கீல் நோட்டீஸ். காவல் நிலையத்தில் புகார், வாங்க மறுத்தால் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். கீழமை நீதிமன்றத்தில் அசையும் சொத்து மீட்பு வழக்கு. மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "என் தங்கச்சி வூட்டுக்கு நோட்டீஸ் போச்சின்னா, நான் காவாந்தண்டலம் போய் எங்க அண்ணன் வூட்ல உக்காந்துக்குவேன். சோறு நீங்களே ஆக்கித் தின்னுங்க." எங்கள் ஊர்க் கோயில் சுவரில், கணக்குக் காட்டாதவனோடு சேர்த்து அவனுடைய உறவுக்காரர்களுக்கும் ஊர்ச் சபையில் பதவி கிடையாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாமனார், மைத்துனன், மருமகன் என்று நீளமான பட்டியல். நான் படித்த வரையில் அதில் சகலை இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்களாலும் சகலையை ஒன்றும் செய்ய முடியவில்லை போலும்.

அந்த எரிச்சலில்தான் வீடியோவை முழுதாகப் பார்த்தேன். இசை ஓடத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு தொழில் முறையைச் சொல்ல வேண்டும். ஸ்டூடியோக்காரர்கள் ஓடி முடிந்த டேப்பைத் திரும்பச் சுற்றி வைக்க மாட்டார்கள். முடிவு வெளியே, தொடக்கம் உள்ளே என்று அப்படியே டப்பாவில் போட்டுவிடுவார்கள். வருஷக்கணக்கில் கிடக்கும் டேப்பில் ஒரு சுற்றின் சத்தம் பக்கத்துச் சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். இப்படி வைத்தால் அந்த ஒட்டுச் சத்தம் இசைக்குப் பின்னால் போய் மறைந்துவிடும், முன்னால் வந்து காட்டிக்கொடுக்காது. இதற்கு 'டெயில் அவுட்' என்று பெயர். அப்படி வைத்த டேப்பை முதலில் வலதுபக்கம் மாட்டித் திரும்பச் சுற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும். மிஷினில் டேப் இடதுபக்கச் சக்கரத்திலிருந்து வலதுபக்கத்துக்கு ஓடும். சுற்றாமல் இடதுபக்கம் மாட்டினால் கடைசியிலிருந்து ஆரம்பத்துக்குத் தலைகீழாக ஓடும். வழக்கமாக டப்பாமேல் எழுதியிருப்பார்கள். என் டப்பாவில் அந்தக் காகிதத்தைப் பூச்சி தின்றிருந்தது. சகலைக்குக் கல்யாண மைக் தெரியும், ஸ்டூடியோ தெரியாது. அப்படியே மாட்டியிருக்கிறார்.

மணி ஓசை எங்கிருந்தோ ரீங்காரமாகக் கிளம்பி, பெருகி, டக்கென்று அறுந்தது. மிருதங்கம் உறிஞ்சுவதுபோல் கேட்டது. வயலின் கிணற்றிலிருந்து மேலே ஏறிவந்தது. கடைசியில் ஒரு மனிதக் குரல், எந்த மொழியிலும் சேராத ஓசையில் ஏதோ சொல்லி முடிந்தது. சகலை கேமராவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி விளக்கம் கொடுத்தார். அது மந்திரமாம். கேரளத்திலிருந்து ஒரு மந்திரவாதியை, நைனா என்று அவர் சொல்லும் அப்பா கூட்டிவந்து சொல்ல வைத்தாராம்.

நான் வெகுகாலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றேன்.

அன்றிலிருந்து டேப்பைப் பற்றி நான் கேட்கவே இல்லை. நோட்டீஸ் பேச்சையும் விட்டேன். வீட்டில் நிம்மதி திரும்பியது. பதிவு அலுவலகத்தில் கற்ற பாடம் ஒன்று உண்டு. பொய் சொல்கிறவனை மறிக்கக் கூடாது, விவரம் கேட்க வேண்டும். ஒரு நாள் டீக்கடையில் பார்த்தபோது, அந்த மந்திரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னால் ஜனங்கள் விரும்புவார்கள் என்றேன். அடுத்த வாரமே இரண்டாவது வீடியோ வந்தது. மந்திரவாதிக்குத் தாடி முளைத்திருந்தது. மந்திரம் சொன்னபோது தியேட்டரில் விளக்குகள் அணைந்து எரிந்ததாம். நான் வேறு பெயரில் கீழே எழுதினேன்: மெய்சிலிர்த்தது ஐயா, இந்த டேப்பை நேரில் கேட்க வாய்ப்பு உண்டா?

உண்டு என்று பதில் வந்தது. பேத்தியின் காதுகுத்தில்.

மண்டபத்து வாசல் பேனரில் குழந்தையின் படத்துக்குப் பக்கத்தில் என் ஸ்பூலின் படமும் இருந்தது. ஸ்பூல்தான் கொஞ்சம் பெரிது. தட்டான் வந்து காது குத்தி, குழந்தை அழுது ஓய்ந்து, முதல் பந்திக்கு இலை போடுவதற்கு முன்னால், சகலை மேடையில் மிஷினை வைத்து டேப்பை ஓடவிட்டார். தென்னேரியிலிருந்து வந்திருந்த அவர் சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். மந்திரம் வந்த இடத்தில் ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முடிந்ததும், குழந்தையின் பெரிய தாத்தா என்ற முறையில் இரண்டு வார்த்தை வாழ்த்த என்னைக் கூப்பிட்டார்கள். குழந்தையை வாழ்த்தினேன். மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"சகல, இது உங்க நைனா காலத்துலேர்ந்து உங்க வூட்லயே கீதா?"

"ஆமா. சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கினு கீறேன். இது ஓடலன்னா தூக்கம் வராது."

"இப்ப ஓடிச்சே, இதே மாதிரியா?"

"பின்ன? டேப்பு இன்னா, வருசத்துக்கு ஒரு மாதிரியா பாடும்?" என்றார். சபை சிரித்தது. அவரும் சிரித்தார்.

காவல் நிலையத்தில் ஒரு நடைமுறை உண்டு என்று சபைக்குச் சொன்னேன். தொலைந்த பொருளைக் கேட்டு வருகிறவன், பொருளைக் காட்டுவதற்கு முன்னால் அதன் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். "இந்த டேப்பு தலைகீயா ஓடிச்சி. இப்ப நேராப் போடறேன். மொதல்ல ஒருத்தர் பேசுவாரு. டைட்டில் மியூசிக், நாலாவது டேக்னு சொல்வாரு. அப்புறம், 'யோவ், எவன்யா ஃபேன் போட்டது, நிறுத்து'ன்னு சொல்வாரு. அவர்தான் உங்க மந்திரவாதி."

சகலை மிஷினை மறைத்துக்கொண்டு நின்றார். பந்திக்கு நேரமாகிறது என்றார். தென்னேரிப் பெரியவர், கன்னத்தில் போட்டுக்கொண்டவர், கீழேயிருந்து சொன்னார்: "இருப்பா, கேட்டுட்டுத் துன்னலாம்."

ஓடி முடிந்த டேப் வலதுபக்கச் சக்கரத்தில் நிரம்பியிருந்தது. அதை எடுத்து இடதுபக்கம் மாட்டினேன். வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மண்டபம் முழுக்க அந்த ஒலிப்பதிவாளரின் கரகரத்த குரல் கேட்டது. நாலாவது டேக். எவன்யா ஃபேன் போட்டது, நிறுத்து. உடனே வயலின் இறங்கத் தொடங்கியது. பின்வரிசையில் ஒரு பெண்மணி, "ஐயே, வியாழக்கெழம நாடகம் இது" என்றார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. மணி அடித்துக் கரையும்வரை சத்தம் இல்லை. அதன்பிறகு எழுந்த சிரிப்பு சமையல்கட்டுவரை போய்த் திரும்பி வந்தது. யாரோ ஒரு இளவட்டம் மண்டபத்து ஃபேனை நிறுத்திவிட்டான்.

நான் இறங்கும்போது கொழுந்தியாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். என்னைப் பார்க்கவில்லை. என் மனைவி எதிரே இருந்த வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு டேப்பு வந்துடும். எனக்குத் தங்கச்சி போய்ட்டா."

டேப் வந்தது. சகலையே கொண்டுவந்தார். அதே மஞ்சள் பை. உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார். "ஒயுங்கா சுத்தி வெச்சிக்கீறேன்" என்றார். பிறகு கெஞ்சுவதுபோல், "அந்த வீடியோ ரெண்டையும் அழிச்சிடறேன் சகல. கடைக்கு வர்றவன்லாம் ஃபேன நிறுத்துன்றான். பேஜாரா கீது" என்றார்.

"அழிக்காதீங்க. அழிச்சா நான் போடுவேன், கீழ விளக்கத்தோட. எங்கிட்ட நகல் கீது."

"எங்க நைனா பேரு கீது அதுல" என்றார்.

"போட்டது நீங்கதான்" என்றேன். அவர் போய்விட்டார். உள்ளேயிருந்து மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. மிஷினுக்கு வேறு மோட்டார் போட்டு வாங்கிவந்தேன். டேப்பை வழக்கப்படி வலதுபக்கம் மாட்டி, திரும்பச் சுற்றிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து ஓடவிட்டேன்.

மணி ஓசை எங்கிருந்தோ ரீங்காரமாகக் கிளம்பி, பெருகி, டக்கென்று அறுந்தது.

சகலை ஒழுங்காகச் சுற்றி வைத்திருக்கிறார். தொடக்கம் வெளியே, முடிவு உள்ளே, கல்யாண வீட்டு முறைப்படி. அதை நான் மறுபடியும் சுற்றியதில் தலைகீழாகிவிட்டது. சுற்றி வைத்ததை வாசலில் நின்று அவர் சொல்லவும் செய்தார். ஜெயித்த மிதப்பில் என் காதில் விழவில்லை. எழுந்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். வயலின் மேலே ஏறி வந்தது. கடைசியில் அந்தக் குரல், எந்த மொழியிலும் சேராத ஓசையில், என் வீட்டுக் கூடத்தில் ஓதியது.

காதுகுத்துக்குப் பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட மட்டும் வாய் திறந்துகொண்டிருந்த மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்: "இன்னா, மந்திரவாதி வந்துட்டாரா?"

அவள் அதை உடனே தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள். இத்தனை நாள் எடுக்காத போனைத் தங்கை அன்றைக்கு எடுத்தாள். இரண்டு பேரும் சிரிப்பது இங்கிருந்தே கேட்டது. நடுவில் ஒரு ஆண் குரலும் சிரித்தது.

தெரிந்துதான் அப்படிச் சுற்றினாரா, தெரியாமலா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தை மாதம் அவர் மகனுக்குக் கல்யாணம். மைக் செட்டு அவர்களுடையதுதான். பெரியப்பா என்ற முறையில் வாழ்த்துரை என்னுடையது.