பவர் அக்கா சொன்ன இரண்டு பொய்

எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்து, "கொஞ்சம் பவரைக் கூட்டிப் போடுங்க" என்று யாராவது வாயைக் கொடுத்தால் தொலைந்தார்கள். கையிலிருக்கும் பிரேமை மேசையில் வைத்துவிட்டுப் பவர் அக்கா ஆரம்பித்துவிடுவாள். "கூட்டிப் போட இது என்ன ஃபேனா? கண்ணுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான். கால் பாயிண்ட் கூடிப்போனாலும் தலைவலி வந்து என்னையத்தான் திட்டுவீங்க." இப்படித்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் ஒருமுறை காதில் விழும்.

நான் பின்னறையில் லென்ஸ் அரைப்பவள். எனக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சன்னல்தான் இருக்கிறது, அதனால் கடையில் நடப்பது எதுவும் எனக்குத் தப்பாது. எனக்கு வாய் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பவர் அக்காவின் வேலை பிரேம் பொருத்துவது. வாடிக்கையாளரின் மூக்கில் கண்ணாடி சரியாக உட்காருகிறதா, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று ஒரு சாண் தூரத்தில் குனிந்து பார்க்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், புதுக் கண்ணாடி போட்டவர் கண்ணில் முதன்முதலாகத் தெளிவாகப் படுவது அவள் முகம். அந்த முகம் நிறையப் பரு. பள்ளிக்கூடத்தில் வந்தது, கல்யாணமாகி இரண்டு பையன்கள் பிறந்து, முப்பத்தெட்டு வயதாகியும் போகவில்லை. ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இன்னொன்று எட்டிப் பார்க்கும். அதற்காக அவள் ஒரு வித்தை வைத்திருந்தாள். கண்ணாடியை மாட்டிவிடும் அதே நொடியில் கைக்கண்ணாடியை அவர்கள் முகத்துக்கு முன்னால் நீட்டிவிட்டு, சட்டென்று பக்கவாட்டில் விலகிக்கொள்வாள். "எவ்வளவு பாங்கா கவனிக்கிறா பாரு" என்று முதலாளியம்மா மெச்சி, எல்லாரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் அந்த வித்தை பலிக்கவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். கைக்கண்ணாடியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவளை நன்றாக உற்றுப் பார்த்தார். "ஏம்மா, மூஞ்சியெல்லாம் என்ன இப்படி இருக்கு? ஏதாவது மருந்து போடக் கூடாதா?" என்றார். பாவம், கெட்ட எண்ணமே இல்லை, பாசமாகத்தான் கேட்டார். காது மந்தம் என்பதால் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். பவர் அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பின்னறைக்கு வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, துடைத்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

பிறகு அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும், அன்று சாயங்காலமே போயிருக்கிறாள். தெரிந்தவர்கள் யாரும் இல்லாத தெருவாகப் பார்த்து ஒரு மருந்துக்கடை. பருவுக்கு மருந்து என்று கேட்டவள், "எனக்கில்ல, எங்க அக்கா பொண்ணுக்கு" என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அக்காவே கிடையாது. கடைக்காரப் பெண் அமிலம் கலந்த, முகம் கழுவும் திரவம் ஒன்றைக் கொடுத்து, "இதுல ரெண்டு சதவீதம் இருக்கு, சின்னப் பொண்ணுக்கு இதுவே போதும்" என்றிருக்கிறாள். போட்டாள். கொஞ்சம் வறண்டது, கொஞ்சம் அமுங்கியது. ஆனால் அவசரம் யாரை விட்டது? மறுபடி போய், தண்ணீர் மாதிரி இருக்கும் பத்து சதவீத மருந்து ஒன்றை வாங்கினாள். அதற்கு மேல் முப்பது சதவீதத்தில் தோலை உரித்தெடுக்கும் சிவப்புத் திரவம் ஒன்று அலமாரியில் இருந்தது. "இது பழகாதவங்களுக்கு வேணாங்க. அந்தப் பொண்ணையே கூட்டிட்டு வாங்களேன், தோலைப் பார்த்துச் சொல்றேன்" என்றிருக்கிறாள் கடைக்காரப் பெண். இல்லாத பெண்ணை எங்கிருந்து கூட்டிக்கொண்டு போவது? எதனோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று கேட்கவும் வெட்கம். பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கால் பாயிண்ட்டுக்குக் கடையையே ரெண்டாக்குகிறவள் ரெண்டிலிருந்து முப்பதுக்குத் தாவினாள். அதுவும் தனியாக இல்லை, முகத்தைக் கழுவி, தண்ணீர் மருந்தைத் தடவி, அதற்கு மேல் சிவப்பைப் பூசினாள். கிள்ளிவிட்ட பருக்கள் ஆறாமல் இருந்த முகம் அது. டப்பாவில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று எவரோ செல்போன் வீடியோவில் சொன்னதைக் கேட்டு, எரிச்சல் அடங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். எரிச்சல் எங்கே அடங்கும்?

மறுநாள் மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். நெற்றி மட்டும் தெரிந்தது, அதுவே வெந்து சிவந்திருந்தது. பின்னறையில் மாஸ்க்கை இறக்கச் சொன்னேன். இரண்டு கன்னமும் தோல் வழன்று, நீர் கசிந்துகொண்டிருந்தது.

"என்னக்கா இது, யார் பண்ணுனது?"

"வெந்நீர்ப் பானை சரிஞ்சிடுச்சு. வீட்டுல."

நான் நம்பினேன். முதலாளியம்மா நம்பவில்லை. அவருக்குக் கண் கூர்மை, சும்மாவா முப்பது வருஷமாகக் கண்ணாடிக் கடை நடத்துகிறார். "பானை சரிஞ்சா கழுத்துல படாதா? கையில படாதா? மூஞ்சியில மட்டும் அளந்து வச்ச மாதிரியா ஊத்தும்?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். பிறகு தானே ஒரு முடிவுக்கு வந்து, "அந்த வேன்காரன்தான்" என்றார்.

வேன்காரர் என்றால் பவர் அக்காவின் புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். தினமும் வேலை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போக வருவார், ஹாரன்கூட அடிக்க மாட்டார்.

நாங்கள் யாரும் அறியாத ஒன்று இருந்தது. பவர் அக்கா வீட்டில் வேறு கதை சொல்லியிருந்தாள். பிளாஸ்டிக் பிரேமை இளக்கி வளைக்க எங்களிடம் சூடான காற்றை ஊதும் மெஷின் ஒன்று உண்டு. பகலில் அது எக்குத்தப்பாகத் திரும்பி முகத்தில் அடித்துவிட்டது, அப்போது தெரியவில்லை, ராத்திரிதான் வெந்து சிவக்கிறது என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். கடைக்கு வீட்டுக் கதை, வீட்டுக்குக் கடைக் கதை. இரண்டும் எங்கே சந்தித்துக்கொள்ளப் போகின்றன என்று நினைத்துவிட்டாள்.

சந்தித்தன. அன்று சாயங்காலம் அவர் வாசலில் நிற்காமல் உள்ளே வந்தார். கடையில் ஒரு வாடிக்கையாளர் மட்டும் இருந்தார், மகளுக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒரு தாய். அவருடைய இரண்டு பிள்ளைகளும் இவர் வேனில்தான் போகிறார்கள்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த மெஷினைக் கொஞ்சம் சரிபார்க்கச் சொல்லுங்க. இன்னிக்கு இவளுக்கு ஆச்சு, நாளைக்கு இன்னொருத்தருக்கு ஆகக் கூடாதுல்ல" என்றார்.

முதலாளியம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எந்த மெஷினு? பழியைத் தூக்கி எங்க தலையிலயா போடுற? கட்டுனவ மூஞ்சியில வெந்நீரை ஊத்திட்டு, என் கடைக்கே வந்து நியாயம் பேசுறியே, நீயெல்லாம் மனுஷனா?"

மனுஷன் மிரண்டுபோய்விட்டார். "வெந்நீரா?" என்றார். அந்தத் தாய் தன் மகளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அந்தப் பார்வையை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். நாளைக் காலை பிள்ளைகள் வேனில் ஏறப்போவதில்லை என்று அதில் எழுதாத குறைதான். அவள் நாலு வீட்டில் சொன்னால் வேன் காலி, அவர் பிழைப்பும் காலி.

முதலாளியம்மா விடவில்லை, நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டார். வேன்காரர் பவர் அக்காவைப் பார்த்தார். நீ சொல்லு என்று கேட்கிற பார்வை. அவள் குனிந்து மேசைமேல் கிடந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேசேன் பாவி என்று மனசுக்குள் திட்டினேன். அவள் நிமிரவில்லை.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "சரி, நான் வண்டியில இருக்கேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் போன பிறகுதான் இவள் வாயைத் திறந்தாள். "அவர் ஒண்ணும் பண்ணலம்மா. நானாத்தான் பண்ணிக்கிட்டேன். பருவுக்கு. கடையில விக்கிற ஆசிட் மருந்து. அதிகமாப் போட்டுட்டேன்."

அந்தத் தாயின் மகள், பதினான்கு வயதிருக்கும், அவள் நெற்றியிலும் நாலு பரு, களுக்கென்று சிரித்துவிட்டாள். தாய் அவள் தொடையில் கிள்ளினாள். "இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு இதெல்லாம்?" என்று முதலாளியம்மா கேட்டார். இந்த ஒரு கேள்வி வந்துவிடக் கூடாதென்றுதான் அவள் அவ்வளவு பொய்யும் சொன்னாள். வந்தேவிட்டது. கூனிக் குறுகி நின்றாள். கண்ணீர் வெந்த கன்னத்தில் இறங்கி எரிந்திருக்க வேண்டும், துடைக்கவும் முடியாமல் இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அப்போதே வாசலைத் தாண்டி வேனுக்குப் போய், கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லம்மா, தெரியாமத்தானே சொன்னீங்க" என்றாராம் அவர். அந்தத் தாயும் பிள்ளைகளை நிறுத்தவில்லை.

தோல் டாக்டரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, ஒரு சாதாரணக் களிம்பும் வெயிலுக்குப் பூசும் கிரீமும் எழுதிக் கொடுத்தார். புண் ஆறிவிட்டது. கன்னத்தில் கறுப்பு மட்டும் திட்டுத் திட்டாக நிற்கிறது, மாதக்கணக்கில் ஆகுமாம். பருவும் பழையபடி வரத் தொடங்கிவிட்டது, அதற்கென்ன வெட்கமா மானமா.

போன வாரம் மத்தியானம் பின்னறையில் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சேக்கா, இன்னும் ஏன் உம்முன்னு இருக்க?" என்று கேட்டேன்.

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தம்மா அவரத் திட்டுறப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? பருவுக்கு மருந்து போட்டு வெந்துபோனேன்னு எல்லார் முன்னாடியும் சொல்றதுக்கு, அவரே ஊத்துனதா இருந்துட்டுப் போகட்டும்னு தோணுச்சுடி. கொஞ்ச நேரம்தான். ஆனா அவர் அப்ப என் மூஞ்சியத்தான் பார்த்துட்டு இருந்தாரு."

"வீட்டுல பேசுறாரா?" என்று மட்டும் கேட்டேன்.

"பேசுறாரு. சாப்பிட்டியான்னு கேக்குறாரு, களிம்பு போட்டியான்னு கேக்குறாரு. மன்னிச்சிடுங்கன்னு நானும் கேட்டுட்டேன், ஒரு தடவை இல்ல." தட்டை மூடி வைத்தாள். "அந்தம்மாகிட்ட உடனே சொன்னாருல்ல, பரவாயில்லன்னு. எங்கிட்ட இன்னும் அதச் சொல்லல."