ஒன்றும் செய்யாத நாய்

எங்கள் வீட்டு லாப்ரடார் யாரைப் பார்த்தும் குரைக்காது. புது ஆள் வந்தால் ஓடிப்போய் முழு உடம்பையும் அவர் காலில் சாய்த்துக்கொண்டு நிற்கும். ஆனாலும் பெரம்பலூரில் வீடு கட்டிய கையோடு கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பலகை மாட்டினேன். இருப்பது ஒரே நாய்தான். பலகை அப்படித்தான் கிடைத்தது. கூலி வேலை பார்த்த பரம்பரையில் கேட் வைத்த முதல் வீடு என்னுடையது. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

அரியலூரில் கண் ஆபரேஷன் முடிந்ததும் அம்மாவை நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். செந்துறைப் பக்கம் ஊரில் தனியாக இருப்பவள். வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். கண் ஆறும்வரை இங்கேயே இருப்பதாகப் பேச்சு. நாய் வந்த பிறகு அவள் வருவது அதுதான் முதல் தடவை.

கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டாள். நாயைக் கட்டச் சொன்னாள். ஒன்றும் செய்யாது, வாம்மா என்று சிரித்தேன். அதற்குள் அது வந்து அவள்மேல் சாய்ந்துவிட்டது. அம்மா கத்தவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சுகூட விடாமல் நின்றாள். நான் போனில் படம் எடுத்தேன். என் மனைவிதான் ஓடி வந்து நாயை இழுத்தாள்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்த பிறகு அம்மா சொன்னாள்:

"பண்ணக்காரரு வூட்டுலயும் ஒண்ணும் பண்ணாதுன்னுதான் சொல்லுவாங்க, தம்பி."

அவள் கெண்டைக்காலில் இருக்கும் தழும்பு எனக்குத் தெரியாததா? கூலி வாங்கப் போன இடத்தில், பண்ணைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் நாய் கடித்தது. அவர் சிரித்தார் என்பதையும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கூசிப்போனேன். எடுத்த படத்தை அழித்தேன். அழித்தால் ஆயிற்றா?

நாயைக் கொல்லையில் கட்டினோம். கட்டிப் பழகாதது, வெயிலில் ஊளையிட்டது, சோறு தின்னவில்லை. நான் நொடிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பதை அம்மா கவனித்துவிட்டாள். மறுநாள் காலையில் பையை எடுத்தாள்.

"என்னால அது ஏன் வெயில்ல கெடக்கணும்? நான் ஊருக்குப் போயிட்டு வரேன்."

மனைவி எவ்வளவோ தடுத்தாள். நான் ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பஸ் கிளம்பியதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

வந்ததும் நாயை அவிழ்த்துவிட்டேன். இந்த வகை நாய்க்குத் தொங்கு காது. அடிக்கடி சீழ் வைக்கும், தவறாமல் மருந்து விட வேண்டும். அன்று ராத்திரி அது என் மடியில் தலையைச் சாய்த்துப் படுத்தது. ஒரு சொட்டும் சிந்தாமல் காதில் விட்டேன். அந்நேரம் ஊரில் அம்மா தனியாக அண்ணாந்து, குறி தெரியாமல், கன்னத்தில் விட்டுக்கொண்டிருந்திருப்பாள்.