வாசலில் சிக்கிய அன்னம்

என் மாமி, அதாவது அப்பாவின் அக்கா, திமிர் பிடித்தவர். இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வெள்ளவத்தையில் அவருடைய பிளாட்டுக்கு மேல்மாடியில் ஒரு டொக்டரின் மனைவி இருந்தார். தன் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்குக்கு அவர் குதிரை வண்டி பிடித்தார். அன்றிலிருந்து மாமிக்குச் சோறு இறங்கவில்லை.

மாமியின் மகள், என் மச்சாள், பெரியபிள்ளையானதும் மாமி அலங்காரக்காரரிடம் அவளை ஏற்றிவர அன்னப்பறவை வடிவில் ஒரு வண்டி கேட்டார். "குதிரை வண்டியை விடப் பெரிசாய் இருக்கவேணும்." அளவு அவ்வளவுதான். மண்டப வாசலை ஒருவரும் அளக்கவில்லை.

சடங்கில் ஆலாத்தி எடுக்கவேண்டியது தாய்மாமனின் மனைவி, என் அம்மா. மாமி எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "குறை நினையாதையும். வீடியோவில வடிவாய் வரவேணும். என்ர லண்டன் சிநேகிதி எடுக்கட்டும். நீர் சமையல் பக்கத்தைப் பாரும்."

அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம். ஆலாத்திக்கென்று வாங்கிய கத்தரிப்பூ நிறச் சீலையை உடுத்திக்கொண்டே அம்மா சடங்கன்று மண்டபத்துச் சமையலறைக்குப் போனார்.

மச்சாளைச் சுமந்துகொண்டு அன்னம் ஒழுங்கைக்குள் உருண்டு வந்தது. மண்டப வாசலில் இரண்டு இறக்கைகளும் இறுகின. தள்ளினார்கள், இழுத்தார்கள். முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. மேலே மச்சாள் அழுதாள். கீழே சிநேகிதி ஆலாத்தித் தட்டோடு வியர்த்துக் கொட்டினார்.

"அக்கா, அன்னத்தைக் கடலில விடுங்கோ, தானாய் நீந்திப் போகும்!" என்று ஓர் ஓட்டோக்காரர் கத்தினார். டொக்டரின் மனைவி உள்ளேயிருந்து இறக்கையின் இடுக்கு வழியாகப் போனில் வீடியோ எடுத்தார். "நல்ல நேரம் முடியப் போகுது" என்று ஐயர் சத்தம் போட்டார்.

"இறக்கையை அரியட்டோ?" என்றார் அலங்காரக்காரர்.

"தொட்டால் தெரியும்!" என்றார் மாமி.

அப்போதுதான் அம்மா பக்கத்துச் சமையலறைக் கதவால் வெளியே வந்தார். மச்சாளை இறக்கினார். சிநேகிதியின் கையிலிருந்த தட்டைக் கேட்கவில்லை, பறித்தார்.

"உம்மை ஆர் கூப்பிட்டது?" என்றார் மாமி.

"நேரம் போகுது. நீங்கள் அன்னத்தைப் பாருங்கோ."

சோற்றுக் கிடாரங்களைக் கடந்து மச்சாளை மேடைக்குக் கூட்டிப்போய், சபையின் முன் அம்மாவே ஆலாத்தி எடுத்தார். மாமி ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டொக்டரின் மனைவி எடுத்த வீடியோ பின்னேரத்துக்குள் வெள்ளவத்தை முழுக்கப் போய்விட்டது. மேல்மாடிக்காரியைச் சந்திக்கப் பயந்து மாமி கனகாலம் லிப்டில் ஏறவில்லை. மூட்டு நோவோடு படியால்தான் இறங்கினார். நன்றாக வேண்டும்.

அன்று ஆலாத்தி எடுக்கும்போது அம்மாவின் தோள்கள் குலுங்கின. தட்டில் சுடர் ஆடியது. பட்ட அவமானத்தை நினைத்து அழுகிறார் என்று எண்ணி, கீழே நின்று நானும் விக்கி விக்கி அழுதேன்.

போன கிழமை மாமி எடுப்பித்த சடங்கு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அம்மா அழவேயில்லை. வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்.