சுறாவைப் பிரித்து எழுதுக

பொங்கலுக்கு வருவதாக மகள் சொல்லியிருந்தாள். வருவாளா மாட்டாளா என்று நானாகக் கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். கேட்டால் கிழவன் நச்சரிக்கிறான் என்றாகிவிடும்.

அவள் ஐஸ்லாந்தில் வேலை செய்கிறாள். ஞாயிறு மதியம் போன் வரும். மனைவி இருந்தவரை அந்தப் போன் என் கைக்கே வராது. இப்போது முழுவதும் எனக்குத்தான், பேசத்தான் விஷயமில்லை. "சாப்ட்டீங்களா?" "ஆச்சு." அதற்குமேல் இங்கே பொம்மிடியில் ரயில் போகிற சத்தம்தான் அவளுக்குக் கேட்கும்.

அன்றைக்கு, "என்னா சமையல்?" என்றாள்.

"அரூர் சந்தையில வாங்குன சுறாக் கருவாடு. அங்க சுறாவுக்கு என்னா பேரு கண்ணு?"

"ஹாகார்ல்."

"யார் கார்ல?"

விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதக்கணக்காகிறது.

"கார் இல்லப்பா. எழுதறது ஹாகார்ல். இவங்க வாயில வேற மாதிரி வரும்."

முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் சும்மா விடுவேனா? "பிரிச்சுச் சொல்லு" என்றேன்.

"ஹா, கார்ல். பழைய காலத்துல ஹான்னாலே சுறாதானாம். கார்ல்னா ஆம்பள. கெழவனையும் அப்படிச் சொல்றாங்க."

"ஹாவே சுறான்னா, கெழவன எதுக்கு ஒட்ட வெச்சாங்க?"

"தெரியலீங்கப்பா. அவனா வந்து ஒட்டிக்கிட்டான் போல."

"அவன எடுத்துட்டா?"

"அப்பவும் சுறாதான்."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிட்டது.

அவள் குரல் தணிந்தது. "அப்பா, பொங்கலுக்கு லீவு கெடைக்கல. கோவமா? நீங்க ஒரு வார்த்த சொன்னா, எப்படியாச்சும் கேட்டுப் பாக்கறேன்."

"எனக்கென்ன கோவம்? வேலையப் பாரு" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, நானே முதலில் போனை வைத்தேன்.

குழம்பு நன்றாகத்தான் வந்திருந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை. வீடு பயமாக இருந்தது.

ஓரெழுத்து ஒருமொழிக்கு உதாரணம் கேட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் பூ, தீ, கை என்று அடுக்குவார்கள். நான் கரும்பலகையில் முதலில் எழுதிப் போடுவது எப்போதும் 'வா'. அவள் கேட்ட ஒரு வார்த்தை அதுதான். அது என் வாயில் வரவில்லை.