பழைய டிஸ்க்தான் மாஸ்டர்

என் கம்ப்யூட்டர் செத்துப்போன அன்று ஜீவனஹள்ளியில் கரண்ட் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. மூன்றாவது தடவை பெட்டிக்குள்ளிருந்து கருகல் வாடை. போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. எங்கள் ஏரியாப் பெண்களுக்கு நான் மாலை வகுப்பு நடத்தினேன். அங்கே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பதினெட்டுப் பேர் எழுதிய சொந்தக் கதைகள் அதற்குள் இருந்தன. வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அவர்கள் எழுதிய தாள்களா? டைப் அடித்துவிட்டோமே என்ற தைரியத்தில் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். அந்த முட்டாள்தனத்துக்கு இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கையும் அதில் மாட்டச் சொன்னேன். கடைக்காரர் கன்னடக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

“ஒரே கேபிள்ல ரெண்டு டிஸ்க் மேடம். புதுசு மாஸ்டர், அதுலதான் மெஷின் ஸ்டார்ட் ஆகும். பழசு ஸ்லேவ்.”

டிஸ்க்கின் பின்னால் ஜம்பர் என்று அரிசி அளவில் ஒன்று உண்டு. அதை இடம் மாற்றினால் போதும், டிஸ்க் அடிமையாகிவிடுமாம். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வரிகூட இல்லாத காலி டிஸ்க் எஜமான், பதினெட்டுப் பேர் கதையைச் சுமக்கிறது அடிமையா? வேலை நடக்கட்டும் என்று ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டினேன்.

ஃபைலைத் திறந்தார். திரை முழுக்கக் கொம்பும் வாலும் முளைத்த இங்கிலீஷ் எழுத்துகள்.

“எல்லா ஹோய்த்து மேடம். போச்சு. எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் பண்ணிடலாம்.”

“ஃபார்மேட்னு இன்னொரு வாட்டி சொல்லாதீங்க.”

நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தக் கிறுக்கலையே உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு கதையும் ஒரே வரியில்தான் தொடங்கும், வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த முதல் வரி அது. இங்கேயும் ஒவ்வொரு கதையின் தலையிலும் அதே கிறுக்கல் அப்படியே இருந்தது. கெட்டுப்போனது இப்படி ஒழுங்காக நிற்குமா? அப்போதெல்லாம் தமிழ் எழுத்துருவைக் கம்ப்யூட்டரில் தனியாகப் போட வேண்டும். அது பழைய டிஸ்க்கில் இருந்தது, கம்ப்யூட்டர் கிளம்பிய புது டிஸ்க்கில் இல்லை, அவ்வளவுதான்.

எழுத்துருவை மட்டும் காப்பி செய்துகொள்ளலாம் என்றார் அவர். எனக்கு மனசு ஆறவில்லை.

“மொதல்ல பழச மாஸ்டர் ஆக்குங்க.”

“மெஷினே ஆன் ஆகாம போலாம் மேடம்.”

“ஆகலன்னா அப்ப பாத்துக்கலாம்.”

அவர் தயங்கினார். இடுக்கியை வாங்கி ஜம்பர்களை நானே மாற்றினேன். கம்ப்யூட்டர் பழைய டிஸ்க்கிலிருந்து எழுந்து, பெட்டியின் புதுப் பாகங்களைப் பார்த்து அது யார் இது யார் என்று பத்துத் தடவை கேட்டது. எல்லாவற்றுக்கும் ஓகே கொடுத்தேன். ஃபைலைத் திறந்தேன். தமிழ்! கண்ணில் நீர் முட்டியது.

“என்ன எழுதிருக்கு மேடம்?” என்றார். தமிழ் பேசுவாரே தவிர, படிக்கத் தெரியாது.

முதல் கதையைப் படித்துக் காட்டினேன்.

“எம் பேர நானே எழுதறேன். இனிமே எவன் கேட்டாலும் கைநாட்டு வெக்க மாட்டேன்.”