கிணற்றுக்குள் போட்ட பச்சைப் பெயின்ற்

புங்குடுதீவில் குப்பை போட இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆட்கள் விட்டுப்போன வளவு ஒவ்வொன்றிலும் ஒரு பாழ்ங்கிணறு இருக்கிறது. உடைந்த போத்தல், தீர்ந்த பற்றரி, பழைய மெத்தை எல்லாம் அதற்குள்தான் போகும். கேட்க உரிமை உள்ளவர்கள் கனடாவில் இருக்கிறார்கள்.

போன ஆடியில் என் வீட்டுக் கதவு யன்னல்களுக்குப் பெயின்ற் அடிக்க ஆள் பிடித்தேன். காரைநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற மனிதர். கதை குறைவு, வேலை சுத்தம். அப்பா காலத்துப் பச்சைக்கு மேல் நீலமும் மண்ணிறமுமாகத் தடித்துக் கிடந்ததை முதல் நாளே பாதி சுரண்டிவிட்டார். பின்னேரம் சுரண்டிய செதில் ஒரு உரப்பை நிறையச் சேர்ந்துவிட்டது.

"இதை எங்கை போடுறது ரீச்சர்?"

"பக்கத்து வளவுக் கிணத்துக்கை போட்டுவிடும்," என்றேன்.

மூன்றாம் நாள் கனடாவிலிருந்து தம்பி தொலைபேசி எடுத்தான். கதவு சுரண்டுகிற கதையைச் சொன்னேன். "அக்கா, பழைய பெயின்ற்றிலை ஈயம் இருக்கும். தண்ணி தெளிச்சுச் சுரண்டச் சொல்லுங்கோ. எரிக்கவும் வேண்டாம், கண்ட இடத்திலை கொட்டவும் வேண்டாம். சின்னப்பிள்ளையளின்ரை மூளையைப் பழுதாக்கிப்போடும்."

முதலில் அவன்மேல்தான் கோபம் வந்தது. அங்கே இருந்துகொண்டு புத்தி சொல்வது சுலபம். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். அடியில் உப்புத் தண்ணீர், அதன்மேல் மெல்லிசாக நல்ல தண்ணீர், எல்லாக் கிணற்றுக்கும் அதுதான் ஊறுகிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் தீவைக் குறுக்காக வெட்டிய படம் கீறிக் காட்டியவள்.

அந்தப் பாழ் வளவுக்கு அடுத்த வீட்டில் என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு எட்டு மாதப் பெண்குழந்தை. அவர்களுடைய கிணறு வேலியோரம், பாழ்ங்கிணற்றிலிருந்து இருபது அடி தூரம் வராது. குழந்தைக்குப் பால்மா கரைப்பது அந்தத் தண்ணீரில்தான்.

பேசாமல் இருந்திருக்கலாம். பெயின்ற் அடிப்பவர் வாய் திறக்க மாட்டார். அரை நாள் அப்படித்தான் இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

பின்னேரம் பெயின்ற் அடிப்பவரும் நானுமாக, விழுந்த வாளி எடுக்கிற கொக்கியைக் கயிற்றில் கட்டி உரப்பையை மேலே இழுத்தோம். அடி கிழிந்து, பாதிதான் வந்தது. மிச்சத்தைக் கிணறு வைத்துக்கொண்டது. வந்ததையும் புதிதாகச் சுரண்டியதையும் வெறும் பெயின்ற் வாளிகளில் போட்டு, மூடியை இறுக்கி, மேலே எழுதி ஒட்டினேன். மறுநாள் பிரதேச சபையில் இருந்த அலுவலர் அதைக் குப்பை அள்ளுகிற உழவு இயந்திரத்தில் ஏற்றக்கூடாது என்றார். நச்சுக் கழிவு எடுக்கிறவர்களுக்கு எழுதுவதாகவும், அதுவரை பூட்டிய அறையில் வைக்கும்படியும் சொன்னார். தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு கடிதமும் தந்தார்.

கடிதத்தோடு அந்த மாணவியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். இடுப்பில் பிள்ளையோடு நின்று கேட்டாள்.

"நாங்கள் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறனாங்கள், ரீச்சர்."

"கொதிக்க வைச்சா ஈயம் போகாது, பிள்ளை."

"அப்ப இந்த மூண்டு நாளும்?"

அவள் குசினிக்குள் போய், கேத்தலில் இருந்த தண்ணீரை முற்றத்தில் ஊற்றினாள். "நீங்கள்தானே ரீச்சர் எங்களுக்கு அந்தப் படம் கீறிக் காட்டினது," என்றாள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்று முதல் அவள் சந்திக்கு வருகிற பவுசர் லொறியில் தண்ணீர் பிடித்தாள். சில கிழமைகளில் அவளுடைய கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவு வந்தது. ஈயம் அளவுக்கு மேல் இல்லை. தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு தரம் வாசித்து மடித்துத் தந்தாள். "நல்லது ரீச்சர்," என்றாள்.

அடுத்த நாள் காலை சந்திப் பக்கம் போனேன். அன்றும் பவுசருக்கு முன்னால் வரிசையில் பிள்ளையோடு நின்றாள். வீட்டுக்குத் திரும்பி, ஒரு தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றேன்.